தும்மலுக்குப் பயப்படும் அம்மாக்கள்!

எந்தக் கல்யாண மண்டபத்திலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஈரோட்டுப் பக்கம் ஒரு முகூர்த்தம். கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஹோமப் புகையில் அடுத்தடுத்து மூன்று தும்மல். மூன்றாவது தும்மலில் முகம் மாறிவிட்டது. குழந்தையைப் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையின் பின்பக்கத்தை முந்தானையால் மறைத்தபடி வேகமாக மணமகள் அறைக்குள் போய்விட்டார். குழந்தை பிறந்து நாலு மாதம்.

பின்னாலேயே வந்த அம்மா கேட்டார், "என்ன அம்மிணி, உடம்புக்கு முடியலையா?"

"தும்முனா ஒண்ணுக்கு வந்துடுதும்மா. இருமினாலும் வருது. பாப்பாவைத் தூக்குறப்பவும் வருது."

அம்மா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புள்ள பெத்த உடம்புன்னா அப்படித்தான் அம்மிணி. உன்னையப் பெத்ததுல இருந்து எனக்கும்தான் இருக்குது. யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே."

மகளுக்கு வயது இருபத்தாறு. அப்படியென்றால் அம்மாவுக்கு இருபத்தாறு வருடமாக இந்தத் தொல்லை! தூரப் பயணம் என்றாலே பஸ் வேண்டாம் என்று அம்மா மறுத்தது, எங்கே போனாலும் முதலில் பாத்ரூமைத் தேடியது, வயிறு குலுங்கச் சிரிக்கிற இடத்தில்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து போனது... எல்லாவற்றுக்குமான காரணம் அன்றைக்குத்தான் மகளுக்குப் புரிந்தது.

இந்த இருவரும் 'சகித்துக்கொள்ள வேண்டியது' என்று நினைத்த பிரச்னைக்கு சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு முதல் சிகிச்சை அறுவை சிகிச்சையும் அல்ல, மாத்திரையும் அல்ல. முறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட உடற்பயிற்சி. அதைச் சொல்லிக்கொடுப்பவர் பிசியோதெரபிஸ்ட்.

முட்டிக்கு உண்டு, பிரசவத்துக்கு இல்லையா?

பிசியோதெரபி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட் மைதானம். வீரர் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பையோடு ஓடிவருகிறாரே, அவர்தான். அடுத்தபடியாக, பக்கவாதம் வந்த தாத்தா, எலும்பு முறிந்த மாமா, முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பாட்டி.

கால்பந்து ஆடும் பையனுக்கு முட்டியின் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆனால், மறுபடி மைதானத்தில் இறங்குவதற்கு ஏறக்குறைய ஒன்பது மாதப் பயிற்சி தேவைப்படும். முதலில் வீக்கம் வடிய வேண்டும், பிறகு முட்டி முழுதாக மடங்க வேண்டும், பிறகு தொடைத் தசை பலம் பெற வேண்டும், அதன் பிறகே ஓட்டம். ஒவ்வொரு படியாகத்தான் ஏற்றுவார்கள். 'ஒன்றரை மாதம் ஆச்சு, தையல் ஆறிடுச்சு, போய் விளையாடு' என்று யாரும் சொல்வதில்லை.

பிரசவத்தில் என்ன நடக்கிறது? சுகப்பிரசவம் என்றால் இடுப்புக்கு அடியில் இருக்கும் தசைகள் பல மடங்கு விரிந்து, சில நேரம் கிழிந்து, தையலும் போடப்படுகிறது. சிசேரியன் என்றால் தோல், கொழுப்பு, தசையின் உறை, கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காக வெட்டித் தைக்கப்படுகிறது. ஒரு விளையாட்டு வீரருக்கு இவ்வளவு காயம் பட்டால் கூடவே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்திருப்பார். அம்மாவுக்கோ பத்திய சாப்பாடு, ஓய்வு, அதன் பிறகு நேராக அடுப்படி!

பத்தியமும் ஓய்வும் தேவைதான். 'பச்சை உடம்பு' என்று நம் பெரியவர்கள் சொன்னதிலேயே, அது இன்னும் ஆறாத உடம்பு என்ற புரிதல் இருக்கிறது. ஆனால், காயம் ஆறுவது வேறு, பலம் திரும்புவது வேறு. ஓய்வு முதலாவதைச் செய்யும். இரண்டாவதற்குப் பயிற்சி வேண்டும்.

பிரான்சில் பிரசவம் முடிந்த பெண்களுக்கு இடுப்புத் தளத் தசைப் பயிற்சி தருவது வழக்கமான மருத்துவத்தின் ஒரு பகுதி. அதற்கான செலவை அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டமே ஏற்றுக்கொள்கிறது. நம் ஊரில் கேட்டால்தான் கிடைக்கும். ஆனால், கேட்டால் கிடைக்கும்.

பத்து மாதத்தில் உடம்பில் என்னதான் நடக்கிறது?

கர்ப்ப காலத்தில் 'ரிலாக்ஸின்' என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதுவும் மற்ற ஹார்மோன்களும் சேர்ந்து, குழந்தை வெளியே வர வசதியாக இடுப்பு மூட்டுகளைப் பிணைத்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. அதனால்தான் ஏழாம், எட்டாம் மாதத்தில் படுக்கையில் புரண்டு படுக்கும்போதும், ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றும்போதும் இடுப்பு 'பிடிக்கிறது'.

வயிறு முன்னால் வளர வளர, உடம்பின் எடை மையமும் முன்னால் நகர்கிறது. விழாமல் இருக்க, முதுகை வளைத்து நிற்கிறோம். கீழ்முதுகுத் தசைகள் நாள் முழுவதும் இறுகிக் கிடக்கின்றன. அதுதான் சாயங்கால முதுகுவலி.

வயிற்றின் முன்பக்கம், நெஞ்சுக்கூட்டிலிருந்து அடிவயிறு வரை செங்குத்தாக இரண்டு தசைப் பட்டைகள் ஓடுகின்றன. நடுவில் ஒரு நாரிழைத் தையல்போல அவற்றை இணைக்கும் பகுதி உண்டு. வளரும் கர்ப்பப்பைக்கு இடம் கொடுக்க அந்த நடுப்பகுதி அகலமாகிறது.

எல்லாவற்றுக்கும் அடியில், முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தொட்டில்போலக் கட்டப்பட்டிருப்பவை இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இந்தத் தொட்டில்தான். பத்து மாதமும் குழந்தையின் பாரம் அதன் மீதுதான். எனவே, 'எனக்கு சிசேரியன்தானே, இந்தப் பிரச்னை வராது' என்று நினைக்க வேண்டாம். ஆபத்து குறைவு என்றாலும், அவர்களுக்கும் கசிவு வரலாம்.

வயிற்றில் குழந்தை இருக்கும்போது...

சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடந்தாலே கணக்கு சரியாகிவிடும். 'மிதமான' என்பதற்கு எளிய அளவுகோல்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

"குனிஞ்சு பெருக்கு, உட்கார்ந்து துணி துவை, அப்பத்தான் சுகப்பிரசவம் ஆகும்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் அறிவுரை. அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற வரை அது சரி. ஆனால், முதுகும் இடுப்பும் ஏற்கெனவே வலிக்கிற பெண்ணைக் குனிந்து குனிந்து வேலை செய்யச் சொன்னால் வலிதான் கூடும். வீட்டு வேலையும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல. வேலை களைப்பைத் தரும். சரியான பயிற்சி, அந்த வேலையைத் தாங்கும் பலத்தைத் தரும். சிசேரியன் ஆகிவிட்டால், 'நீ ஒழுங்கா குனிஞ்சு நிமிரலை' என்று அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வதும் நியாயம் இல்லை. சிசேரியனுக்கான காரணங்கள் பல. பெரும்பாலானவை அவர் கையில் இல்லாதவை.

பிசியோதெரபிஸ்ட் இந்தக் காலத்தில் சொல்லித்தருவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்.

* எழுந்திருக்கும்போது நேராக எழாமல், முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுவது.

* ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்வது. இடுப்பு பிடிக்கிறவர்களுக்கு இது கைகண்ட மருந்து.

* கட்டிலில் இருந்து இறங்கும்போதும் ஆட்டோவில் இருந்து இறங்கும்போதும் இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி இறங்குவது.

* புடவைப் பாவாடை, சுடிதார் பேன்ட் அணியும்போது ஒற்றைக் காலில் நிற்காமல் உட்கார்ந்து அணிவது.

* நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி வரை உட்கார்ந்து எழுவது, கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றிப் பூனைபோல முதுகை மெதுவாக வளைத்து நிமிர்த்துவது போன்ற எளிய பயிற்சிகள்.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு நீண்ட நேரம் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பப்பையின் எடை, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். தலைசுற்றல் வரும்.

நஞ்சு கீழே இறங்கி இருப்பவர்கள், கர்ப்ப கால ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பப்பை வாய் பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. மற்றவர்களும் ரத்தக்கசிவு, நீர் போவது, விட்டுவிட்டு வலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், குழந்தையின் அசைவு குறைவது என்று எது தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறந்த முதல் நாளில் இருந்து...

'நாற்பது நாள் ஆகட்டும்' என்று காத்திருக்க வேண்டியது பெரிய பயிற்சிகளுக்குத்தான். சிறிய பயிற்சிகள் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே ஆரம்பமாகின்றன.

முதலாவது, கணுக்கால் பயிற்சி. படுத்தபடி பாதத்தை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும், மணிக்கொரு முறை இருபது தடவை. பிரசவம் ஆன பெண்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். கெண்டைக்கால் தசை அசைந்தால் ரத்த ஓட்டம் தேங்காது.

இரண்டாவது, மூச்சுப் பயிற்சி. மூக்கு வழியே மூச்சை இழுத்து, வாய் வழியே மெதுவாக விட வேண்டும். விடும்போது அடிவயிற்றை லேசாக உள்ளே இழுக்க வேண்டும். வயிற்றின் உள்ளடுக்குத் தசை விழித்துக்கொள்வதற்கான முதல் அழைப்பு இது.

மூன்றாவது, நடை. சிசேரியன் ஆனவர்களையும் மருத்துவர் அனுமதித்ததும் ஒரு நாளுக்குள் எழுப்பி நடக்க வைப்பது கொடுமை அல்ல. ரத்தம் உறையாமல் இருக்கவும், வாயு பிரியவும் அதுதான் உதவுகிறது. இருமல் வந்தால் தையலின் மீது தலையணையை வைத்துக் கையால் அணைத்துக்கொண்டு இருமினால் வலி பாதியாகும். குழந்தையைவிடக் கனமான எதையும் முதல் ஆறு வாரத்துக்குத் தூக்க வேண்டாம். தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர், மூத்த குழந்தை எல்லாம் இதில் அடக்கம்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது குழந்தையின் தடுப்பூசியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடாமல், "எனக்குக் கசிவு இருக்கிறதா, வயிற்றுத் தசை சேர்ந்திருக்கிறதா, என்ன பயிற்சி செய்யலாம்?" என்று உங்களைப் பற்றியும் கேளுங்கள். ஓட்டம், ஸ்கிப்பிங், குதித்து ஆடும் பயிற்சிகளுக்குக் குறைந்தது மூன்று மாதமாவது பொறுத்திருப்பது நல்லது.

தொட்டிலை இறுக்கும் பயிற்சி

1948-ல் அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர், பிரசவத்துக்குப் பிறகான சிறுநீர்க் கசிவுக்குப் பயிற்சியாலேயே தீர்வு காணலாம் என்று எழுதினார். அவர் பெயராலேயே 'கெகல் பயிற்சி' என்று இன்றும் அழைக்கப்படுகிறது. பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். சரியாகச் செய்பவர்கள்தான் குறைவு.

தசையைக் கண்டுபிடிப்பது எப்படி? நாலு பேர் நடுவில் வாயு பிரியாமல் அடக்குவது போலவும், அதே நேரத்தில் சிறுநீரை அடக்குவது போலவும் இறுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதோ மேல்நோக்கி ஏறுவதுபோல உணர்ந்தால் அதுதான். வயிறு புடைத்தாலோ, பிட்டம் இறுகினாலோ, தொடைகள் ஒட்டினாலோ, மூச்சு நின்றாலோ தவறான தசையைப் பயன்படுத்துகிறீர்கள். பலர் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள். அது கசிவை இன்னும் மோசமாக்கும்.

செய்வது எப்படி? இறுக்கி, மூன்று முதல் ஐந்து நொடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. எட்டு முறை செய்தால் ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று. வாரங்கள் போகப் போக பத்து நொடி வரை பிடிக்கலாம். கடைசியில் டக் டக்கென்று இறுக்கி விடும் வேகப் பயிற்சியும் சில முறை செய்யலாம். பால் கொடுக்கும் நேரத்தோடு இணைத்துக்கொண்டால் மறக்காது.

இதோடு ஒரு சூட்சுமம். தும்மலோ இருமலோ வருவது தெரிந்ததும், அதற்கு ஒரு நொடி முன்பே அந்தத் தசையை இறுக்கிக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்கும் முன்பும் அப்படியே. பழகினால் உடம்பு தானாகவே செய்ய ஆரம்பித்துவிடும்.

பலன் தெரிய வாரங்கள் ஆகும். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். பத்து நாள் செய்துவிட்டு 'ஒண்ணும் ஆகலை' என்று விட்டவர்கள்தான் அதிகம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

எல்லோருக்கும் இறுக்குவதே மருந்து என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு இந்தத் தசைகள் தளர்ந்து போகாமல், வலியாலும் பயத்தாலும் இறுகிக் கிடக்கும். தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் சிரமம் இருந்தால் அது காரணமாக இருக்கலாம். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சிதான் முதலில். அடியில் ஏதோ இறங்குவதுபோல, பாரமாக இருப்பதுபோலத் தோன்றினால் கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். இந்த இரண்டு வகையினரும் தாங்களாகச் செய்யாமல் நேரில் காட்டுவது அவசியம்.

தொப்பையா, இடைவெளியா?

குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகியும் 'மறுபடியும் விசேஷமா?' என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்த வயிறு எப்போதும் கொழுப்பால் வருவதில்லை. விலகிய வயிற்றுத் தசைகள் சேராமல் இருப்பதும் காரணமாகலாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினாலோ, நடுவில் கூம்புபோலப் புடைத்தாலோ பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். முதல் வாரங்களில் இடைவெளி இருப்பது இயல்புதான். நிறைய பேருக்குத் தானாகவே குறையும். அவசரப்பட்டு வீடியோ பார்த்து, படுத்து எழும் 'சிட் அப்' பயிற்சிகளை ஆரம்பிக்கும்போது, வயிறு கூம்புபோலப் புடைத்தால் அதை உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளடுக்குத் தசையில் தொடங்கித்தான் மேலே வர வேண்டும்.

துணியால் வயிற்றைக் கட்டுவது? பழைய நூல் புடவையில் மிதமாகக் கட்டினால் முதுகுக்கும் தையலுக்கும் தாங்கலாக இருக்கும். எழுந்து நடக்கத் தைரியம் வரும். ஆனால், துணி தசையைச் சேர்த்து வைக்காது. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் அந்த அழுத்தம் கீழே இருக்கும் தொட்டிலின் மீதுதான் இறங்கும்.

'தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்' என்று தண்ணீரைக் குறைப்பதும் தவறு. தாய்ப்பால் கொடுப்பவருக்குத் தாகம் கூடும். தண்ணீரும் இல்லை, பத்தியத்தில் காய்கறியும் இல்லை என்றால் மலச்சிக்கல் வரும். முக்கி முக்கிப் போவதைப்போல இடுப்புத் தளத்தைக் கெடுப்பது வேறில்லை.

ஊசி போட்ட இடமா வலிக்கிறது?

"முதுகுல ஊசி போட்டாங்க, அதுல இருந்துதான் இந்த வலி" என்று பத்து வருடம் கழித்தும் சொல்பவர்கள் உண்டு. ஊசி போட்ட இடத்தில் சில நாள்கள் வலி இருக்கலாம். சிலருக்கு ஊசிக்குப் பின் தலைவலி வருவதும் உண்மை. அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால், பிரசவ வலி குறைய முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நாள்பட்ட முதுகுவலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை.

பழியை ஊசி மீது போட்டுவிட்டால், 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று அமைதியாகிவிடுகிறோம். உண்மையான காரணங்களைப் பார்த்தால் எல்லாமே சரிசெய்யக் கூடியவை: பலமிழந்த வயிற்றுத் தசை, கூனியபடி பால் கொடுப்பது, தரையில் கிடக்கும் குழந்தையை முழங்கால் மடக்காமல் குனிந்து அள்ளுவது, ஒரே பக்க இடுப்பில் தூக்கி வைப்பது.

பால் கொடுக்கும்போது முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மடியில் தலையணை வைத்து, குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோக வேண்டாம். நாற்காலி என்றால் காலுக்கு அடியில் ஒரு மணை.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் சுரீர் என்று வலிக்கிறதா? 1895-ல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை சிகிச்சை நிபுணர் பெயரால் 'டீ குவெர்வெய்ன்' பிரச்னை என்கிறார்கள். குழந்தையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துத் தூக்கித் தூக்கி, அங்குள்ள தசைநாரின் உறை வீங்கிவிடுகிறது. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கரண்டியால் அள்ளுவதுபோலக் குழந்தையின் அடியில் கொடுத்துத் தூக்கினால் பாரம் முன்கைக்குப் போய்விடும். கட்டைவிரலுக்கு ஒரு பட்டை, சில வாரப் பயிற்சி என்று பெரும்பாலும் சரியாகும்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடமே "பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுங்க" என்று கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் சேவையும் உண்டு. தனியாரிடம் போனால் பி.பி.டி. பட்டம் பெற்றவரா, பிரசவத்துக்குப் பிறகான பயிற்சியில் அனுபவம் உள்ளவரா என்று கேளுங்கள். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பதிலும் தயக்கம் வேண்டாம். உள்பரிசோதனை தேவைப்பட்டால் முன்கூட்டியே விளக்கி, உங்கள் சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனையும் அளவு ரத்தப்போக்கு, காய்ச்சல், தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல், கடுமையான தலைவலி இருந்தால் பிசியோதெரபிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாத அழுகை, குழந்தையிடம் ஒட்டுதலே இல்லாத மாதிரி தோன்றினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

பயிற்சிக்கு நாளுக்கு இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடம்தான் ஒரு புதிய அம்மாவுக்குக் கிடைப்பதில்லை. குழந்தை தூங்கினால் துணி, விழித்தால் பால். கணவர் அந்த நேரத்துக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ளலாம். 'படுத்துக்கிட்டு காலை ஆட்டிக்கிட்டு இருக்கா' என்று சொல்லாமல் இருப்பதே மாமியார் செய்யும் பெரிய உதவி. 26 வாரப் பேறுகால விடுப்பை 2017 சட்டத் திருத்தம் தந்திருக்கிறது. அது கிடைக்கும் வேலையில் இருப்பவர்கள், வேலைக்குத் திரும்பும் முன் உடம்பைத் தயார்ப்படுத்த அந்த நாள்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அந்தக் கல்யாண மண்டபத்து மகளைப் போன்றவர் ஒருநாள் துணிந்து அரசு மருத்துவமனைக்குப் போனால் என்ன நடக்கும்? பிசியோதெரபிஸ்ட் கேட்கும் முதல் கேள்வி சாதாரணமானதுதான். "எத்தனை நாளா இருக்குதுங்க?"

"நாலு மாசமாங்க" என்று மகள் சொல்லும்போது, துணைக்கு வந்து குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மாவும் வாயைத் திறக்க வேண்டும். "எனக்கு இருபத்தாறு வருசமாங்க" என்று.

ஏனென்றால், இந்தத் தசைகளுக்கு வயது வரம்பு இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகும் பயிற்சி செய்தால் பலம் பெறும். கசிவு குறையும். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே பாடத்தை அம்மாவும் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து செய்யலாம். நாளுக்கு மூன்று சுற்று, மூன்று மாதம். அடுத்த கல்யாணத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகலாம். வழியில் யாராவது ஜோக் சொன்னால், வாய்விட்டுச் சிரிக்கலாம்.